முதல் நாளே ஷெட்யூல் எழுதாதீர்கள்

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கிறேன். ஜிம் முதல் மாடியில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரத்தில், 63 வயது அம்மா ஒருவர் மகளோடு படியேறி வந்தார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. முட்டி வலிக்கு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, தொடைக்குப் பலம் ஏற்றுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்காக மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்.

பேசி முடித்து அவர் கிளம்பும்போது வழியனுப்ப வாசல் வரை வந்தேன். ஏறி வரும்போது நேராகத்தான் ஏறி வந்திருந்தார். இறங்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். இடது கால் மேல் படியில் நின்று வலது கால் கீழே போகும்போது, இடது குதிகால் சட்டென்று தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அப்படியே.

மறுபடி மேலே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். "உங்களுக்கு என்ன ஆகணும்மா?"

"ரோட்டுல இருந்து எங்க வீட்டுக்குக் காப்பித் தோட்டத்துக்குள்ளதான் சாமி பாதை. கல்லுப் படி. ஏறிருவேன். இறங்கத்தான் ஆளு வேண்டியிருக்கு. யாரையும் புடிக்காம நானா இறங்கணும், அவ்வளவுதான்."

அன்று அவருக்கு நான் பயிற்சி ஷெட்யூல் எழுதவில்லை. அவர் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பணம் கட்டியாயிற்று, பயிற்சி எப்போது என்று கேட்டார். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் நாளே ஷெட்யூல் எழுதாதீர்கள். ஆள் எப்படி உட்காருகிறார், எழுகிறார், இறங்குகிறார், பகல் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்று பார்த்த பிறகு எழுதுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு பையன் விலை கொடுத்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிது. விடியற்காலையில் காந்தி மைதானத்தில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், அப்புறம் கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். அதில் நாலைந்து பேருக்கு நான் பயிற்சி கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே ஸ்ட்ரெச்சிங். ஒரு பையன் உட்கார்ந்து குனிந்தால் விரல் பாதத்தைத் தொடாது. நீளம் தாண்டுவதற்கு இது தடை என்று நானே முடிவு செய்தேன். மார்கழிக் குளிர், உடம்பு சூடாகவில்லை. அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். "வலிக்குதுண்ணே" என்றான். "கொஞ்சம் தாங்குடா" என்று இன்னும் அழுத்தினேன். தொடையின் பின்பக்கம் 'டப்' என்று ஏதோ விட்டது என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். இரண்டு நாளில் தொடைக்குப் பின்னால் நீலம் பாரித்து முட்டி வரை இறங்கியிருந்தது. அந்த வருட உடல்தகுதித் தேர்வில் அவன் கலந்துகொள்ள முடியவில்லை. அவன் வீட்டுக்குப் போய் அவன் அப்பா முன்னால் நின்ற அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என்ன தவறு என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். தசைக்குள் நீட்சியைக் கவனித்துக்கொண்டே இருக்கும் நுண்ணிய உணர் உறுப்புகள் உண்டு. தசையைத் திடீரென்று இழுத்தால் தண்டுவடம் வழியாக உடனே சுருங்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். உள்ளே தசை சுருங்குகிறது, மேலே நான் அழுத்துகிறேன். நடுவில் நார் கிழியாமல் என்ன செய்யும்? இன்னொன்றும் தெரிந்தது. குனிந்து பாதத்தைத் தொடுவதற்கும் நீளம் தாண்டுவதற்கும் நான் நினைத்த அளவு சம்பந்தமே இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஓடிவந்து உந்தும் வேகம். அதை விட்டுவிட்டு எனக்குக் கண்ணில் பட்ட குறையைச் சரிசெய்யப் போனேன்.

ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் முன்னால் அசையாமல் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச்சை இப்போது நான் கொடுப்பதில்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால், அடுத்து வரும் வேலையில் அதன் விசை கொஞ்சம் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். 10, 20 நொடி என்றால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கால் வீசுதல், முட்டி உயர்த்தி ஓடுதல், மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டும் நாலு குட்டி ஓட்டங்கள் என்று கொடுத்தால் உடம்பு சூடாகிறது, மூட்டும் திறக்கிறது. பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச் எல்லாம் முடிவில், அல்லது சாயங்காலம் தனியாக. உதவி செய்து நீட்டுவதாக இருந்தால் கட்டுப்பாடு அவர்கள் கையில் இருக்க வேண்டும். என் கைக்கு எதிராக அவர்களே 5 நொடி லேசாக அழுத்துவார்கள், அப்புறம் தளர்த்துவார்கள், நான் 20 நொடி கூடவே போவேன். "போதும்" என்ற சொல் வந்த இடத்தில் என் கை நிற்கும். இந்தச் சுருக்கித் தளர்த்தும் முறையை 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் காபட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும் நோயாளிகளுக்காக உருவாக்கினார்கள். அது சிகிச்சையில் பிறந்த முறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், கையில் தானாகப் பதம் வந்துவிடும்.

சரி, இனி கொலுசுப் பட்டறைக்காரர் கதை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பற்ற வைக்கிற அண்ணன் ஒருவர், 47 வயது. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ராத்திரி. இடுப்புப் பிடிப்பு என்று வந்தார். 'தொடைப் பின்னால இறுக்கமா இருக்கு மாஸ்டர்' என்றார். இறுக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தொடைப் பின்தசைக்கு மூன்று வகை ஸ்ட்ரெச் கொடுத்தேன். பையன் விஷயத்துக்குப் பிறகும் அந்தப் பழைய கை போகவில்லை பாருங்கள். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தார். இடுப்பு அப்படியே இருந்தது.

ஒருநாள் பட்டறைக்கே போனேன். கால் மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு முட்டியும் தரையைத் தொடுகிற மாதிரி விரிந்த சம்மணம், முதுகு வில் மாதிரி வளைந்து, முகம் சுடர் பக்கம் குனிந்து, கை இரண்டும் மார்புக்கு முன்னால். நாள் முழுக்க இடுப்பு மடங்கியே இருக்கிறது. எழுந்து நின்று பின்பக்கம் கால் நீட்ட வேண்டிய வேலை ஒன்றுகூடக் கிடையாது. மறுநாள் ஜிம்மில் பெஞ்ச் நுனியில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு முட்டியை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லி, மறு காலைத் தொங்கவிடச் சொன்னேன். தொங்கும் தொடை பெஞ்சைத் தொட வேண்டும். ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதே மனிதர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கிறார்! பின்தசையில் நீளக் குறைவே இல்லை. முன்பக்கம்தான் குறுகியிருந்தது, பின்பக்கம் பலமில்லாமல் இழுபட்டுக் கிடந்தது. இழுபட்டு நிற்கிற தசையும் 'இறுக்கமா இருக்கு' என்றுதான் சொல்லும். அதை இன்னும் நீட்டினால் என்ன ஆகும்?

ஷெட்யூலை மாற்றினேன். ஒரு முட்டி தரையில் ஊன்றி இடுப்பு முன்பக்கத்துக்கு ஒரு ஸ்ட்ரெச், 30 நொடி, பக்கத்துக்கு இரண்டு தடவை. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குவது. கேபிளைத் தன்னை நோக்கி இழுப்பது. கையைத் தலைக்கு மேல் உயர்த்துகிற வேலை ஒன்று. அவ்வளவுதான். பொதுவாக வளர்ந்த ஒருவருக்கு ஒரு இடத்துக்கு மொத்தம் ஒரு நிமிட நீட்சி, வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு பிடிப்பும் 10 முதல் 30 நொடி. வயதானவர்களுக்கு 30 முதல் 60 நொடி. தினமும் செய்தால் இன்னும் நல்லது. முதல் சில வாரத்தில் வருகிற முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசை நீண்டதால் வருவதில்லை, அந்த நீட்சியைப் பொறுத்துக்கொள்ள நரம்பு பழகியதால் வருவது. அதனால் நிறுத்தினால் அது சீக்கிரம் போய்விடும். கிடைத்த இடத்தில் பலத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். முழு வீச்சில் எடை தூக்குகிற பயிற்சியே பல பேருக்கு ஸ்ட்ரெச்சுக்குச் சமமாக நெகிழ்வைக் கூட்டுகிறது. நேரமில்லாதவருக்கு இது பெரிய வசதி.

இதற்கு நேர் எதிராக ஒரு தங்கை வந்தாள். சின்ன வயதிலிருந்து பரதம் ஆடியவள், முழங்கை பின்னால் வளையும், கட்டைவிரல் முன்கையைத் தொடும். தோள்பட்டை நழுவுகிற மாதிரி இருக்கிறது, அதனால் இன்னும் ஸ்ட்ரெச் வேண்டும் என்று கேட்டாள். ஒரு ஸ்ட்ரெச்கூடக் கொடுக்கவில்லை. மெதுவான எடைப் பயிற்சி, வீச்சின் கடைசி முனைக்குப் போகாமல். அவளுக்கு வேண்டியது அதுதான்.

கொலுசு அண்ணனிடம் கற்ற இன்னொரு பாடம், ஷெட்யூலும் வளைய வேண்டும் என்பது. வடக்கிலிருந்து ஆர்டர் குவியும் மாதங்களில் அவர் ஜிம் பக்கமே வரமாட்டார். முன்பெல்லாம் கோபப்படுவேன். இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று விதமாக எழுதுகிறேன். நல்ல நாளுக்கு 50 நிமிடம். சுமாரான நாளுக்கு 25 நிமிடம், அதில் முக்கியமான மூன்று பயிற்சி மட்டும். மோசமான நாளுக்கு 8 நிமிடம், பட்டறையிலோ வீட்டிலோ, நின்ற இடத்தில். மூன்றாவதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது. பலத்தைக் கூட்டத்தான் அதிக வேலை வேண்டும், இருப்பதைத் தக்கவைக்கக் கொஞ்சம் போதும். முழுசாக விட்டால் வாரங்களில் இறங்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரம் வராமல் திரும்பி வருகிறவரைப் பழைய எடையில் ஏற்றாதீர்கள். நான் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து ஆரம்பிக்கிறேன். 40 நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டறையில் எழுந்து நில்லுங்கள் என்பதையும் ஷெட்யூலிலேயே எழுதினேன். வாயால் சொன்னபோது மறந்தவர், தாளில் இருந்ததும் செய்தார்.

அப்புறம், நாகலூர் அம்மா.

இரண்டாவது நாள் அளந்தேன். சுவருக்கு எதிரே பாதத்தை வைத்து, குதிகால் தரையை விடாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்வது. எவ்வளவு தூரத்திலிருந்து தொட முடிகிறது என்று கட்டைவிரலிலிருந்து டேப் பிடிப்பேன். வலது காலில் 9 செ.மீ. இடது காலில் 4. படியில் அந்தக் குதிகால் ஏன் தூக்கியது என்று அங்கே விளங்கிவிட்டது. படி இறங்கும்போது மேலே நிற்கிற காலின் முட்டி பாதத்துக்கு முன்னால் போக வேண்டும். கணுக்கால் மடங்கவில்லை என்றால் குதிகால் எழும்பும், பிடிமானம் போகும், உடம்பு பயந்து பக்கவாட்டில் திரும்பும். முட்டி வலி என்று வந்தவருக்கு ஸ்ட்ரெச் தேவைப்பட்டது கெண்டைக்காலில், அதுவும் முட்டியை லேசாக மடக்கி, இடது காலுக்கு ஒரு பங்கு கூடுதலாக. வேறெங்கும் இல்லை.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், அதில் இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையும் இருந்தது. அப்படிப்பட்டவருக்கு, துடிப்பின் உச்சத்தைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கு உதவாது, எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அந்த எண்ணுக்கு ஏறாது. பேச்சை வைத்துத்தான் அளந்தேன். செய்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான அளவு. இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் அதிகம். மூச்சைப் பிடிக்கக் கூடாது, எழும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். பையில் இனிப்பு மிட்டாய் இருக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கொப்புளம் இருந்தால் சர்க்கரைக்காரருக்கு உணர்வில் தெரியாமல் போகலாம். மார்பில் அழுத்தம், முட்டியில் வீக்கம், கால் மரத்துப்போதல், தூக்கத்தைக் கலைக்கிற வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றோடு நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும் என்று மகளிடமும் சொல்லி வைத்தேன்.

தச்சரிடம் சொல்லி 2 அங்குலக் கனத்தில் ஐந்து பலகை செய்தேன். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் வேண்டிய உயரம். முதல் இரண்டு வாரம் பலகையே இல்லை. நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்து எழுவது மட்டும், 8 தடவை ஒரு செட், அப்படி இரண்டு செட், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள். தலையணையை எடுத்தோம். அப்புறம் 4 அங்குலப் பலகையிலிருந்து நாலு எண்ணிக்கையில் மெதுவாக இறங்குவது. இறக்கத்தில் தொடை முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. ஏறுகிற பயிற்சியைக் கொடுத்துவிட்டு இறக்கம் தானாகச் சரியாகும் என்று நினைக்கக் கூடாது. ஒரு தடவை ஜிம் பையன்களைக் கஞ்சமலைக்குக் கூட்டிப்போனேன். அசராமல் ஏறினார்கள். இறங்கி வந்து இரண்டாம் நாள், எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்க்வாட்டை நன்றாக அடிக்கிற பையன்களே கைப்பிடி இல்லாமல் பஸ் படி இறங்க முடியாமல் நின்றார்கள். அந்த வலி 24 மணிக்கும் 72 மணிக்கும் இடையில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு தடவை அனுபவித்த தசைக்கு அடுத்த தடவை அவ்வளவு வலிக்காது. அதனால் முதல் தவணை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முதல் நாள் காலுக்கு 5 தடவைதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டினேன். உயரம் கூடினால் எண்ணிக்கை கூடாது. கையில் பை சேர்ந்தால் உயரம் கூடாது. கடைசி செட்டில் சொன்னதற்கு மேல் இரண்டு தடவை முடிகிறது, அடுத்த முறையும் அப்படியே முடிகிறது என்றால்தான் அடுத்த படி. இந்தப் படிப்படியான சுமைக்கு வழி போட்டவர் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்து 1945-ல் எழுதினார். ஜிம்மில் நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற 'மூணு செட், பத்து' அவர் பின்னால் வகுத்த முறைதான். ஆனால் அதில் மூன்று செட்டும் ஒரே எடை கிடையாது. பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையில் முதல் செட்டுக்குப் பாதி, அடுத்ததற்கு முக்கால், மூன்றாவதற்கு முழுசு. முட்டி அடிபட்டவருக்குப் பக்குவமாக ஏற்றிய கணக்கை, நாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆறாவது வாரம் ஒருநாள், 6 அங்குலத்தில் முட்டிக்குக் கீழே சுருக்கென்றது. அன்றே 4-க்கு இறக்கினேன். "பின்னாடி போறமே தம்பி" என்று முகம் வாடிவிட்டார். நோட்டை எடுத்து முதல் வாரப் பக்கத்தைக் காட்டினேன், தலையணை என்று எழுதியிருந்த இடத்தை. ஒன்றும் பேசாமல் எழுந்து பலகையில் ஏறி நின்றார். அடுக்களை மேடையைத் தொட்டுக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வைத்து நிற்கிற சமநிலைப் பயிற்சியை மட்டும் தினமும் வீட்டில் செய்தார், பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

பன்னிரண்டாவது வாரம் 8 அங்குலம், வலது கையில் 5 கிலோ பை. இடது கணுக்கால் 8 செ.மீ. வந்திருந்தது. ஜிம் படியை நேராகப் பார்த்து இறங்கினார், கைப்பிடி மேல் விரல் பட்டும் படாமலும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளின் குடும்பத்தோடு நானும் மலைக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி ஏறி, ஏற்காடு தாண்டி, ரோட்டோரம் வண்டியை நிறுத்தினோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, நடுவில் ஈரம் காயாத கல் பாதை. அம்மா இறங்க ஆரம்பித்தார். நான் ஒரு படி கீழே, திரும்பி நின்று, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்.

முக்கால்வாசிப் பாதை ஒரே சீராக இறங்கினார். பலா மரத்துப் பக்கம் ஒரு கல்லில் நின்றார். உடம்பு பழையபடி பக்கவாட்டில் திரும்பியது, கை என் தோளைத் தேடியது.

"இந்த ஒரு கல்லுதான் சாமி. எப்பவும் இதுலதான்."

அவரைக் கீழே இறக்கிவிட்டு டேப்பை எடுத்தேன். அந்தக் கல்லின் உயரம் 11 அங்குலம். நான் பயிற்சி கொடுத்தது 8 வரை. முதல் வாரமே வந்து இந்தப் பாதையை அளந்திருக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன்: பலகை ஐந்தும், 10 அங்குலம், இரண்டு கையும் பிடித்து, காலுக்கு 5 தடவை. தச்சரிடம் இன்னும் ஒரு அங்குலப் பலகை ஒன்று சொல்ல வேண்டும்.